டென்வர் விமான நிலையமும் பெட்டிகளைத் தின்ற தண்டவாளமும்

இன்னைக்கு எபிசோடை ஒரு சுரங்கப்பாதையில இருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில் இருக்கும் டென்வர் விமான நிலையத்தைப் பற்றி யூடியூபில் தேடிப் பாருங்க. நிலத்துக்கு அடியில் ரகசிய பங்கர் இருக்கு, வேற்றுகிரகவாசிகள் இருக்காங்க, உலக அழிவுக்காக பணக்காரர்கள் கட்டி வச்ச பதுங்குமிடம் இருக்குன்னு வீடியோ மேல வீடியோவா வரும். நானும் ஒரு ராத்திரி முழுக்க பார்த்திருக்கேன், பொய் சொல்ல மாட்டேன். அடியில் சுரங்கங்கள் இருப்பது நிஜம்தான். ஆனால் அதில் ஓடியது வேற்றுகிரகவாசிகள் இல்லை, சூட்கேஸ்கள். ஆளில்லாமல் தானாக ஓடும் சின்னச் சின்ன வண்டிகளில், தண்டவாளத்தின் மேல்.

"ப்ராஜெக்ட் எல்லாம் ஏன் ஊத்திக்குது?" என்று கேட்டு அடிக்கடி மெயில் வருது. பெரும்பாலும் ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர்களிடம் இருந்துதான். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடத்தில் பத்து காரணம் எழுதி மார்க் வாங்கலாம், நானும் எழுதியிருக்கேன். அதைவிட, ஒரே ஒரு ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொண்டு அது எந்த இடத்தில் தோற்றது என்று தேடிப் போவது எனக்குப் பிடிக்கும். டென்வர் லக்கேஜ் சிஸ்டம் அதற்கு நல்ல கதை. ஏன்னா எல்லாரும் "சாஃப்ட்வேர் பக்" என்று சொல்லும் கதை இது. எனக்கு அப்படித் தோணலை.

1980களில் டென்வரின் பழைய விமான நிலையம் ஸ்டேபிள்டன். அதன் ஓடுபாதைகள் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கம். வானிலை மோசமானால் பக்கத்துப் பக்கத்து ஓடுபாதைகளில் ஒரே நேரத்தில் விமானங்களை இறக்க முடியாது. டென்வரில் பனி கொட்டினால் நாடு முழுக்க விமானங்கள் தாமதமாகும். அதனால் ஊருக்கு வெளியே, புல்வெளியில், புதுசாக ஒன்று கட்ட முடிவு செய்தார்கள். நிலப்பரப்பு நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேயர் ஃபெடரிக்கோ பெனியா தள்ளிக்கொண்டு வந்த திட்டம்; 1989-ல் வேலை தொடங்கியது. 1991-ல் வெல்லிங்டன் வெப் மேயரானார். திறப்பு விழா தேதி 1993 அக்டோபர் 31 என்று குறித்தாச்சு. பத்திரிகையில வந்தாச்சு, கடன் பத்திரம் வித்தாச்சு. இந்தத் தேதியை மனசுல வச்சுக்கோங்க.

இவ்வளவு பெரிய திட்டத்தில் லக்கேஜ் சமாச்சாரம் முதலில் யார் கணக்கிலும் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்க வழக்கப்படி ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் பெட்டிகளைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள். 1991 கடைசியில் யுனைடெட் ஏர்லைன்ஸ் மட்டும் முழித்துக்கொண்டது. டென்வர் அவர்களுக்கு முக்கியமான மையம். வந்து நின்ற விமானத்தை அரை மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பணும் என்பது அவர்கள் திட்டம். பிரதான கட்டடத்துக்கும் விமானம் நிற்கும் இடத்துக்கும் தூரம் அதிகம். பயணிகள் பாதாள ரயிலில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், பெட்டி பின்தங்கிவிடும். அதனால் தங்களுடைய பி காங்கோர்ஸுக்கு மட்டும் தானியங்கி முறை அமைக்க பி.ஏ.இ. ஆட்டோமேட்டட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைப் பிடித்தார்கள். இந்தத் துறையில் நல்ல பேர் எடுத்தவர்கள்.

இதைப் பார்த்த விமான நிலைய நிர்வாகத்துக்கு ஒரு யோசனை. யுனைடெட்டுக்கு மட்டும் எதுக்கு, மூணு காங்கோர்ஸுக்கும் சேர்த்து ஒரே சிஸ்டமா போட்டுடலாமே! யோசனையா பார்த்தா தப்பே இல்லை. தனித்தனியா நாலு பேர் நாலு விதமா போடுறதைவிட ஒண்ணா போட்டா நல்லதுதானே? நானா இருந்தாலும் கை தூக்கியிருப்பேன்.

சிஸ்டம் எப்படி வேலை செய்யணும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். செக்-இன் கவுன்ட்டரில் உங்கள் பெட்டியில் பார்கோடு ஒட்டுவார்கள். பெல்ட்டில் போய் ஸ்கேன் ஆகும். அந்த நொடியில் கம்ப்யூட்டர் ஒரு காலி வண்டியைக் கூப்பிட வேண்டும். வண்டி நிற்காது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போதே பெட்டி அதில் போய் விழ வேண்டும். பிறகு 30 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் சுரங்கத்தில் ஓடி, சரியான கேட்டில், ஓட்டத்திலேயே பெட்டியைக் கொட்டிவிட்டு, காலியாகத் திரும்ப வேண்டும். இப்படி 3,500-க்கும் மேற்பட்ட வண்டிகள், ஏறக்குறைய 30 கி.மீ. தண்டவாளம், ஆயிரக்கணக்கான மோட்டார்கள், சென்சார்கள். மேலே மேற்பார்வைக்கு 90களின் தொடக்கத்து கம்ப்யூட்டர்கள், இப்போ உங்க கையில இருக்கிற போனைவிட பல மடங்கு மெதுவானவை.

இனிதான் விஷயம். இந்தத் திட்டத்துக்கு "முடியாது" என்ற பதில் ஒருமுறை வரவில்லை. பலமுறை வந்தது.

முதல் பதில் 1990-லேயே வந்தது. ப்ரையர் நீடில் பேட்ரோன் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் நகர நிர்வாகமே கருத்து கேட்டிருந்தது. இவ்வளவு சிக்கலான தானியங்கி முறை நடைமுறைக்கு ஒத்துவராது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கிய அறிக்கை அது. அடுத்தது டெண்டர். 16 நிறுவனங்களைக் கேட்டார்கள். மூன்றுதான் பதில் போட்டன. அந்த மூன்றுமே குறித்த தேதிக்குள் முடித்துத் தருகிறோம் என்று சொல்லவில்லை. மூன்றையும் ஒதுக்கிவிட்டார்கள்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வேலைக்குக் கூப்பிட்ட 16 பேர்ல 13 பேர் வாயே திறக்கலை, மிச்சம் மூணு பேரும் அந்தத் தேதிக்கு முடியாதுன்னாங்க. வீட்டுக்கு மாடி எடுக்க மேஸ்திரிகளைக் கூப்பிட்டு இப்படி நடந்தா நாம கிரகப்பிரவேச தேதியைத்தான் மாத்துவோம். இவங்க மேஸ்திரியை மாத்தப் போனாங்க.

பிறகு மியூனிக். ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையத்தில் இதே மாதிரி, ஆனால் இதைவிட எளிமையான சிஸ்டம் இருந்தது. அந்த விமான நிலையம் 1992 மே மாதம் திறந்தது. அங்கிருந்தவர்கள் டென்வர்காரர்களுக்குச் சொன்னது: நாங்கள் சோதனைக்கு மட்டும் இரண்டு வருஷம் எடுத்தோம், திறப்புக்கு முன் ஆறு மாதம் இரவு பகலாக ஓட்டிப் பார்த்தோம். டென்வரில் ஒப்பந்தம் போட்டது 1992 ஏப்ரலில். திறப்பு 1993 அக்டோபரில். அதாவது டிசைன், தயாரிப்பு, பொருத்துவது, ப்ரோக்ராம் எழுதுவது, டெஸ்டிங் எல்லாமே சேர்த்து 18 மாதம். மியூனிக்கில் டெஸ்டிங் மட்டும் 24. இதைக் கழித்துப் பார்க்க ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

அப்புறம் ஏன் ஒருத்தர் ஒத்துக்கிட்டாங்க? டெண்டர் தோற்றதும் நிர்வாகம் நேராகப் போனது பி.ஏ.இ.யிடம். யுனைடெட்டுக்காக ஏற்கெனவே டென்வருக்கு வரப்போகிறவர்கள்தானே. பேச்சுவார்த்தை அவசர அவசரமாக நடந்தது. தொகை ஏறக்குறைய 19 கோடி டாலர். பி.ஏ.இ.யும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. நிபந்தனைகள் வைத்தார்கள். இன்ன தேதிக்கு மேல் டிசைனில் மாற்றம் கேட்கக் கூடாது, எங்கள் ஆட்களுக்கு எல்லா இடத்திலும் தடையில்லாமல் அனுமதி வேண்டும், எங்கள் வேலைக்கு முன்னுரிமை வேண்டும் என்றெல்லாம். தலைமைப் பொறியாளர் வால்டர் ஸ்லிங்கர் இந்தத் திட்டத்தில் உறுதியாக இருந்தவர், நிர்வாகம் ஒத்துக்கொண்டது. அந்தப் பேச்சுவார்த்தையில் விமான நிறுவனங்கள் இல்லை. சிஸ்டத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களே அவர்கள்தான்!

என் வாசிப்பில் இந்த ப்ராஜெக்ட் தோற்ற இடம் இதுதான். பி.ஏ.இ. சொன்னது "சரி" இல்லை. "சரி, ஆனா..." அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வந்த நிபந்தனைகள்தான் அவர்களுடைய "முடியாது". அதை மரியாதையா, வியாபார மொழியில சொல்லியிருக்காங்க. நிர்வாகத்தின் காதில் "சரி" மட்டும் விழுந்தது.

நிபந்தனைகள் என்ன ஆச்சு? 1992 அக்டோபரில் ஸ்லிங்கர் இறந்துபோனார். அடுத்து வந்தவருக்கு அவருக்கு இருந்த அளவு அதிகாரம் கிடைக்கவில்லை. ஒரு ப்ராஜெக்ட்டின் வாக்குறுதிகள் எல்லாம் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தால் இதுதான் நடக்கும். விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்து மாற்றம் கேட்க ஆரம்பித்தன. கான்டினென்டல் நிறுவனம் பனிச்சறுக்கு சாமான்களைக் கையாளத் தனி வசதி கேட்டது. நியாயம்தான், டென்வருக்கு வருகிறவர்களில் நிறைய பேர் பனிச்சறுக்குக்குத்தான் வருகிறார்கள். யுனைடெட் தன் காங்கோர்ஸில் இரண்டு சுற்றுத் தண்டவாளம் வேண்டாம், ஒன்று போதும் என்றது. அதில் 2 கோடி டாலர் மிச்சம். ஆனால் இரண்டு சுற்றுக்குப் போட்ட கணக்கு மொத்தமும் மாறியது. கட்டடமோ ஏற்கெனவே வரைந்து, பாதி எழும்பிவிட்டது. இருக்கிற சுரங்கத்துக்குள், இருக்கிற தூண்களுக்கு நடுவில் தண்டவாளத்தை வளைத்து நெளித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் கூர்மையான வளைவுகளில்தான் பின்னால் வண்டிகள் பெட்டிகளைத் தூக்கி வீசின.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பி.ஏ.இ. ஒத்துக்கொண்டே போனது. ஏன் எழுந்து நிற்கவில்லை என்று கேட்கலாம். கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சம். இரண்டு வருஷம் முன்னாடி நான் இருந்த ஒரு டீமில் ஒரு ரிலீஸ் தேதியை கிளையன்ட்டிடம் சொல்லிவிட்டு வந்து எங்களிடம் கேட்டார்கள். மேனேஜர் வரிசையா ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து "முடியுமா?"ன்னு கேட்டார். என் மாட்யூலுக்கு குறைஞ்சது ஆறு வாரம் வேணும்னு எனக்குத் தெரியும். இருந்தது மூணு வாரம். எனக்கு முன்னாடி கேட்கப்பட்ட நாலு பேரும் "பண்ணிடலாம்" சொல்லிட்டாங்க. நானும் "பண்ணிடலாம் சார், டெஸ்டிங் மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்கும்" அப்படின்னேன். அந்த "கொஞ்சம் டைட்"தான் என்னோட "ஆனா". மீட்டிங் மினிட்ஸில் என் பேருக்கு நேரே இருந்தது ஒரே சொல்: ஓகே. ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு விளக்கணுமா? அந்த மேனேஜர் மேல எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. இப்ப அவ்வளவா இல்லை. அவர் கேட்ட விதம் தப்பு, நான் சொன்ன பதிலும் தப்பு.

சரி, டென்வருக்கு வருவோம். சாஃப்ட்வேர் பகுதியை நான் தட்டிக்கழிக்கவில்லை. இதில் நிஜமாகவே ஒரு அழகான, கஷ்டமான பிரச்சினை இருந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் டி நியூஃப்வில் 1994-லேயே இதை விளக்கி எழுதினார். காலை நேரத்து டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. டெர்மினஸ்ல கிளம்பும்போதே பாதி நிரம்பிடும், மூணாவது ஸ்டாப்ல படிக்கட்டுல தொங்குவாங்க. ஏழாவது ஸ்டாப்ல நிக்கிறவங்களுக்கு? பஸ் வரும், ஆனா இடம் இருக்காது. எத்தனை பஸ் விட்டாலும் முதல் ஸ்டாப்காரங்கதான் நிரப்புவாங்க. டென்வரில் சுற்றுப்பாதையின் தொடக்கத்தில் இருக்கும் கவுன்ட்டர்கள் காலி வண்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டால், கடைசியில் இருக்கும் கவுன்ட்டருக்கு வண்டியே வராது. பெட்டி காத்துக் கிடக்கும், விமானம் போய்விடும்.

சென்னையில் இதற்கு என்ன செய்வோம்? வழியிலிருந்தே காலியாகக் கிளம்பும் கட் சர்வீஸ் விடுவோம். அதே மாதிரி கம்ப்யூட்டர், சில காலி வண்டிகளை நிரப்ப விடாமல் தூரத்துக் கவுன்ட்டருக்கென்று ஒதுக்கி அனுப்ப வேண்டும். எங்கே, எப்போது, எத்தனை பெட்டி வரும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். வண்டி வந்து சேரும் நேரமும் பெட்டி வந்து சேரும் நேரமும் நொடிக் கணக்கில் பொருந்த வேண்டும். நூறு வண்டியில் இது நன்றாக ஓடும். ஆயிரக்கணக்கில் போகும்போது, ஓரிடத்தில் ஏற்படும் சின்னத் தாமதம் அடுத்த வரிசைக்குத் தாவி, அங்கிருந்து அடுத்ததற்குப் பரவும். சின்ன அளவில் டெஸ்ட் பண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிரச்சினை இது. முழு அளவில், முழு கூட்டத்தோடு, மாதக்கணக்கில் ஓட்டினால்தான் தெரியும். மியூனிக்காரர்கள் ஆறு மாதம் ராத்திரி பகலா ஓட்டினது சும்மா இல்லை.

1993 அக்டோபர் போனது. டிசம்பர் என்றார்கள், பிறகு 1994 மார்ச், பிறகு மே. மின்சாரம் ஏறி இறங்கி மோட்டார்கள் அடிக்கடி நின்றன. இதற்கு நடுவே, மார்ச்-ஏப்ரல் வாக்கில், நகர நிர்வாகம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒரு செயல்விளக்கம் காட்டியது. பி.ஏ.இ.க்கு முன்கூட்டிச் சொல்லவே இல்லை! டெமோ கொடுத்துப் பழக்கப்பட்ட யாருக்கும் இதைக் கேட்டதும் வயிறு கலங்கும். கேமராக்களுக்கு முன்னால் வண்டிகள் மோதின, பெட்டிகள் நசுங்கின, உள்ளே இருந்த துணிகள் தண்டவாளத்தில் சிதறின. மறுநாள் நாடே சிரித்தது. திறப்பு காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

ஓடுபாதைகள் தயார், கட்டடம் தயார். விமானம் மட்டும் இல்லை. கடனுக்கு வட்டி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 11 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது. லாக்பிளான் என்ற ஜெர்மன் நிறுவனத்தை அழைத்து ஆராயச் சொன்னார்கள். ஆகஸ்டில் மேயர் வெப் அறிவித்தார்: டிராக்டர் மாதிரி இழுவை வண்டிகளும் கன்வேயர் பெல்ட்டும் வைத்து, பழைய பாணியில் ஒரு மாற்று ஏற்பாடு. செலவு ஏறக்குறைய 5 கோடி டாலர். கூடவே பி.ஏ.இ. மேல் நாளுக்கு 12,000 டாலர் அபராதம்.

இங்கே கால்குலேட்டரை எடுத்தேன். 5 கோடியை 11 லட்சத்தால் வகுத்தால் 45 வருகிறது. அதாவது, மாற்று ஏற்பாட்டின் மொத்தச் செலவும் 45 நாள் தாமதத்தின் செலவும் ஒன்று. 1992-லேயே "தானியங்கி முறை நேரத்துக்கு வராமல் போனால் என்ன செய்வோம்?" என்று ஒருவர் கேட்டு, அந்த டிராக்டர்களையும் பெல்ட்டையும் அப்போதே திட்டத்தில் வைத்திருந்தால், லக்கேஜுக்காகத் திறப்பு நின்றிருக்காது. தானியங்கி சிஸ்டத்தை முதலில் ஒரு காங்கோர்ஸில் போட்டு, அது நன்றாக ஓடிய பிறகு அடுத்ததுக்குப் போயிருக்கலாம். சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைச்சிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு யாருக்கும் தொழில்நுட்ப அறிவு தேவைப்பட்டிருக்காது. கேட்டால் "நம்பிக்கை இல்லாதவர்" என்று பேர் வரும், அவ்வளவுதான். ஒரு மேனேஜருக்கு நான் சம்பளம் கொடுப்பதாக இருந்தால் அந்தக் கெட்ட பேரை வாங்கிக்கொள்வதற்காகத்தான் கொடுப்பேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறேன், நியாயமா இருக்கணும் இல்லையா. நிர்வாகத்தில் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பனியிலும் மூன்று விமானங்களை ஒரே நேரத்தில் இறக்கக்கூடிய ஓடுபாதைகளை அமைத்தவர்கள் அவர்கள். இன்று உலகின் பரபரப்பான விமான நிலையங்களில் டென்வர் ஒன்று. லக்கேஜ் சிஸ்டத்தை அவர்கள் ஒரு துணை வேலையாகப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய், மின்சார ஒயர் மாதிரி, கட்டி முடித்த பிறகு ஒருவர் வந்து பொருத்திவிட்டுப் போகிற சாமான் என்று நினைத்தார்கள். நம்ம ஊர்ல "ஒரு சின்ன ஆப்தானே"ன்னு சொல்ற கிளையன்ட்டைப் பார்த்திருப்பீங்களே, அதே பார்வைதான்.

1995 பிப்ரவரி 28-ந் தேதி, 16 மாத தாமதத்துக்குப் பிறகு, விமான நிலையம் திறந்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய 480 கோடி டாலர். தானியங்கி லக்கேஜ் சிஸ்டமும் ஓடியது. மூன்று காங்கோர்ஸுக்குமென்று திட்டமிட்டது, பி காங்கோர்ஸில் யுனைடெட்டுக்கு மட்டும். அதிலும் புறப்படுகிற பெட்டிகளுக்கு மட்டும். மற்ற விமான நிறுவனங்களின் பெட்டிகளை டிராக்டர் இழுத்தது.

அப்படியே பத்து வருஷம் போனது. அதைப் பராமரிக்க மாதம் 10 லட்சம் டாலர் வரை ஆனது. 2005-ல் யுனைடெட் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆட்களை வைத்துப் பெட்டி தூக்கினால் இதைவிட மலிவு என்று முடிவு செய்து, சிஸ்டத்தை நிறுத்தியது. ஆக, அந்தச் சுரங்கத்தில் ரகசியம் எதுவும் இல்லை. இழுவை வண்டி ஓட்டுகிற ஒருவர் பின்னால் நாலைந்து ட்ராலியைக் கோத்துக்கொண்டு, பெட்டிகளை ஏற்றி, கேட்டுக்கு ஓட்டிப் போகிறார். 1990-ல் ஸ்டேபிள்டனில் எப்படிச் செய்தார்களோ, அப்படியே.